உப்புக் காற்றும் ஒரு கத்தியும்

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், பத்துலுஓயாச் சந்தியிலே இடப்புறம் திரும்பினால், களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் உடப்புக் கிராமத்தை அடையலாம். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் பெயர் பெற்ற ஊர் அது. கரைவலை இழுப்பதும் கருவாடு போடுவதும் அங்குள்ளோரின் பழந்தொழில்கள்.

அவ்வழியில், தென்னஞ்சோலை ஒன்றின் ஓரமாக, கிடுகு வேய்ந்த கொல்லன் பட்டறை ஒன்றைக் கண்டேன். மீன் வெட்டும் கத்திகளே அங்கு பெரும்பாலும் உருவாகின்றன. கழித்துவிட்ட லொறி வில்தகடே எஃகு. சிரட்டைக் கரியே நெருப்பு. சம்மட்டி வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. கையால் தேய்க்கும் வேலைதான் நீளுகின்றது.

தோய்ச்சல் கொடுத்த அலகின்மேல் கருஞ்செதிலும் அரத்தின் கோடுகளும் நிறைந்திருக்கும். கொல்லர் மரக்கட்டையில் அரத்தாளைச் சுற்றி, நீர் தொட்டு, முதலில் 120ஆம் இலக்கத் தாளால் நெடுக்கே தேய்க்கிறார். அடுத்து 220ஆம் தாள், அது குறுக்கே. பின்னர் 400; மீண்டும் நெடுக்கே. இலக்கம் ஏற ஏறத் துகள் நுண்ணியதாகும் என்பதை மாணவர் அறிக. திசை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. முந்திய தாளின் கீறல் ஒன்று எஞ்சியிருந்தாலும், புதிய கோடுகளுக்குக் குறுக்கே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒன்று தென்பட்டதும் முகம் சுளித்து, 400ஐ வைத்துவிட்டு 220ஐ மறுபடியும் எடுத்தார்.

மின்சாரச் சாணையிற் பிடித்தால் சில நிமிட வேலையன்றோ என்றேன்.

“பிடிக்கலாம் ஐயா. நுனி நீலமானால் கத்தி செத்துப்போகும்.”

எஃகு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடேறும்போது தோன்றும் நிறம் அது. அதனோடு கூரின் வன்மையும் தளர்ந்துவிடும்.

இத்தனை பாடும் அழகுக்காக என்று கருதலாகாது. புத்தளமும் பாலாவியும் உப்பு விளையும் பகுதிகள். கடற்காற்றிலேயே உப்பு உண்டு. அது ஈரத்தை ஈர்க்கும். ஆழ்ந்த கீறல்களில் ஈரம் தங்க, துரு அங்கேதான் வேர்விடும். நகரத்துக் கடைகளில் துருப்பிடியாக் கத்திகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும், மீன் பிளக்கும் பெண்கள், கல்லில் நாலு இழுப்பில் கூரேறும் இக்கத்தியையே கேட்டு வருகின்றனராம். தேய்ப்புக்காகும் அரை நாளுக்கு மட்டும் எவரும் கூலி தருவதில்லை. கொல்லரின் மகன் கற்பிட்டியில் உல்லாச விடுதி வேலைக்குப் போகிறான்.

மாலையில் உடப்புக் கரையில், மீனரிந்து முடித்த மூதாட்டி ஒருவர் தம் கத்தியை நன்னீரில் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றினார். வாங்கிப் பார்த்தேன். பிடியோரத்தில், தாள் எட்டாத மூலையில் மட்டும், ஒரு சிறு செம்புள்ளி இருந்தது.