இரண்டு பேரும் என் மாணவர்கள்தான்



நேற்று மாலை என் வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து. ஒருவன் நாகையில் விசைப்படகு வைத்து, தானே கடலுக்குப் போகிறவன். மற்றவன் படகுப் பட்டறைக்காரன். ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்ச்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் அல்லவா, மராமத்தெல்லாம் அப்போதுதான். வேலை முடிந்து கடலுக்குப் போன மூன்றாம் நாளே, காத்தாடி சாஃப்ட் நுழையும் இடத்தில் தண்ணீர் ஏறி இன்ஜின் போயிற்று.

"இவன் சரியா இறுக்கல சார்."

"காத்தாடில கயிறு சுத்தி சாஃப்ட் வளைஞ்சிருக்கு சார். அதுக்கு நான் என்ன செய்ய?"

வளைந்ததா இல்லையா என்று தரையில் உருட்டிப் பார்த்தாலே தெரியும். சாஃப்டைக் கொண்டு வா என்றேன். அவசரத்தில் வேறு பட்டறையில் மாற்றி, பழையதை இரும்புக் கடையில் போட்டாயிற்றாம்! போட்டோ இல்லை. ரசீதும் இல்லை, சிநேகிதனிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டானாம்.

நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். சொந்தப் பிழைப்புக்கான படகு என்றால் சட்டம் ஏற்கும். கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் போய் எதைக் காட்டுவது?

ஆளுக்குப் பாதி என்று சொல்ல வாயெடுத்தேன். தப்பே செய்யாதவன் ஏன் பாதி கொடுக்க வேண்டும்? சொல்லவில்லை.

இருவரும் டீ குடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

அந்த இரும்புக் கடையில் சாஃப்ட் இன்னும் கிடக்கிறதா என்று பார்க்க இன்று காலை ஆள் அனுப்பியிருக்கிறேன்.