செமினி ஆறும் நம் சபையும்

2020 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. சிலாங்கூரில் செமினி ஆற்று நீரில் துர்நாற்றம் வந்ததால் சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். உலு லங்காட், சிப்பாங், கோல லங்காட், பெட்டாலிங் என்று பல இடங்களில் குழாயில் தண்ணீர் இல்லை. அன்றுதான் அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாள். படைப்புக்காகக் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கும், செப்டம்பர் 1-இல் தொடங்கும் ‘படைப்பின் காலம்’ நிறைவடைவதும் அன்றே. செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெப நாளாக 1989-இல் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் தொடங்கினார். 2015-இல் போப் பிரான்சிஸ் அதைக் கத்தோலிக்கருக்கும் கொண்டுவந்தார்.

அந்த நாள் பொருத்தம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆறு அசுத்தமாவதற்குத் தொழிற்சாலைகள்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. ஆராதனைக்குப் பின் நாம் சேர்ந்து சாப்பிட்ட இடத்தைப் பாருங்கள்: குழம்புக் கறையோடு போலிஸ்திரீன் பெட்டிகள், பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள். கோழி பொரித்த எண்ணெயைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும்.

எவர்சில்வர் தட்டுகள் வாங்குவோம். கழுவுவதற்கு வாலிபர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். எண்ணெயை டின்னில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுப்போம். ஆற்றில் நாற்றமோ நுரையோ கண்டால் படமெடுத்து உடனே சுற்றுச்சூழல் துறைக்கும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸுக்கும் புகார் செய்வோம்; இதுவும் ஊழியம்தான். ஞாயிறு ஜெபக் குறிப்பில் செமினி ஆற்றின் பெயரும் இருக்கட்டும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். தட்டுகளுக்கு யார் கைகொடுக்கிறீர்கள்?