கடலடித் தோட்டமும் மலைமேற் காடும்

பவளத்திட்டையும் மழைக்காட்டையும் ஒரே பயணத்தில் கண்டுவர வேண்டுமெனில் ஆஸ்திரேலியாவுக்குத்தான் செல்ல வேண்டும் எனப் பலரும் எண்ணுகின்றனர். அந்நாட்டின் வடகிழக்குக் கரையில் இரண்டும் அருகருகே அமைந்திருப்பது உண்மையே. ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் கால் வைத்துப் பிழைக்கும் எங்களுக்கு விமானம் எட்டாத பொருள். ஆகவே மகளின் பள்ளி நிலப்படத்தை விரித்துப் பார்த்தோம். ஓர் இரவு இரயிலில் சென்றடையும் தொலைவிலேயே, நம் தமிழகத்திலேயே, அவ்விரண்டும் இருக்கின்றன. போதாக்குறைக்கு ஓர் ஆறு அவற்றை இணைத்தும் வைத்திருக்கிறது. பொதிகை மலையின் மழைக்காட்டில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள்; அவற்றைச் சூழ்ந்து பவளத்திட்டுகள்.

இடம் கிடைத்துவிட்டது, காலம்தான் எளிதில் கிடைக்கவில்லை. நெசவுத் தொழிலில் நினைத்த நாளில் எழுந்து புறப்பட இயலாது. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலைகள். பாவு முடிந்து அடுத்த பாவைப் பிணைக்கும் இடைவெளியே எங்களுக்கு வாய்க்கும் ஓய்வு. அது மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். மகள் அடுத்த ஆண்டு படிப்புக்காக வெளியூர் செல்கிறாள். அன்னையாரின் முழங்கால்களோ ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து வருகின்றன. மூன்று தலைமுறையும் ஒன்றாகப் புறப்பட இனி எத்தனை வாய்ப்பு வரும் என்பதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அது எல்லார் மனத்திலும் இருந்தது.

பருவமும் ஒத்துவர மறுத்தது. அருவி பெருகும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றால் மன்னார் வளைகுடா கலங்கிவிடும். கலங்கிய நீரில் பவளம் தெரியாது. பள்ளி விடுமுறையான சித்திரையிலும் வைகாசியிலும் கடல்நீர் சூடேறிப் பவளமே வெளுத்து வாடும். கடல் தெளிந்து அமைதியாக இருப்பது தை முதல் பங்குனி வரை. அதிலும் மாசி, பங்குனி நாட்கள் பெரும்பாலும் தவக்காலத்தில் அமைகின்றன. தவக்காலத்தில் உல்லாசப் பயணமா என்று அன்னையார் ஒரு பார்வை பார்த்தார். பேச்சு அத்துடன் முடிந்தது. எஞ்சியது சனவரி மாதத்தின் பிற்பகுதி. பொங்கல் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மலைக்காடும் அப்போது பசுமை மாறாதிருக்கும். ஆகவே அதையே முடிவு செய்தோம்.

ஆயினும் அன்னையாரின் மனம் வேளாங்கண்ணியிலேயே இருந்தது. “பணம் செலவழித்துப் போவதானால் மாதாவைக் காணப் போக வேண்டும், கல்லையும் மரத்தையும் காணவா போவது?” என்றார். “பாட்டி, பவளம் கல் அன்று, அது உயிர்” என்று விளக்கத் தொடங்கினாள் பேத்தி.

அவள் சொன்னது சரியே. நம் கண்ணுக்குப் பாறையாகத் தோன்றுவது, கோடிக்கணக்கான நுண்ணுயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பால் கட்டிய குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. பவளத்தின் நிறமும் பெரிதும் அவற்றால் வருவதே. நீர் மிகையாகச் சூடேறினால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது; பின்னர் வெளுக்கிறது; சூடு நீடித்தால் மடிகிறது. திரட்சியான பவள வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வன. ஓர் ஆள் உயரப் பவளம் எத்தனை தலைமுறையின் உழைப்பு என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒரு கோர்வைச் சேலைக்குப் பதினைந்து நாள் ஆகிறதே என்று அலுத்துக்கொள்ளும் நாங்கள் அந்தக் கணக்கைக் கேட்டு வாயடைத்துப் போனோம். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அவை பெருமளவில் வெளுத்தன. அதற்கு முன்னரே, தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததனால் தீவுகள் அரணிழந்தன. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. எங்கள் மகள் தன் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளில் என்ன எஞ்சியிருக்கும் என்று எவரால் கூற முடியும்?

அன்னையாரின் மனம் இளகியது இவற்றாலன்று. வழியில் தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயம் இருக்கிறது என்று சொன்ன பின்னரே. 1555ஆம் ஆண்டு மணிலாவிலிருந்து வந்ததாக வழங்கும் மாதாவின் திருவுருவம் அங்கே முத்துக்குளித்துறை மக்களின் தாயாக வீற்றிருக்கிறது. 1982ஆம் ஆண்டு அது பேராலயமாக உயர்த்தப்பட்டது. “அப்படியானால் ஞாயிறு பூசை அங்கே” என்று அவரே பயணத்தின் நடுநாளை வகுத்துக் கொடுத்தார்.

எஞ்சிய இரு நாட்களை அதற்கு ஏற்ப அமைத்தோம். வெள்ளி இரவு செங்கற்பட்டில் இராமேசுவரம் வண்டி ஏறுவது. முதியோர் இன்றும் அதனைப் போட்மெயில் என்றே அழைக்கின்றனர். 1964 புயலுக்கு முன்னர் தனுஷ்கோடியில் கப்பலோடு இணைந்து இலங்கைக்கு ஆள் சேர்த்த வண்டியல்லவா! சனி காலை மண்டபத்தில் இறங்கினால், அருகில் பாம்பனிலும், மேற்கே சற்றுத் தொலைவில் ஏர்வாடியிலும் வனத்துறையினர் படகுச் சவாரி நடத்துகின்றனர். அடியில் கண்ணாடி பதித்த படகும் உண்டு. காற்று மாறினால் படகை நிறுத்திவிடுவர் என்பதால் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். பாம்பனை அடுத்த தீவொன்றின் பெயர் குருசடை. அது நம் செவியில் குருசடி என்றே ஒலிக்கிறது. பின்னர் இராமநாதபுரம் செல்லும் சாலையில் வேதாளை வரும். 1549ஆம் ஆண்டு அங்கேதான் இயேசு சபைத் துறவி அந்தோனி கிரிமினாலி அடிகளார், தம் மக்களைக் காக்க நின்று உயிர் துறந்தார். அவ்விடத்தில் ஒரு செபமாலை சொல்லாமல் கடப்பதற்கு அன்னையார் விடமாட்டார். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியே மாலைக்குள் தூத்துக்குடி.

ஞாயிறு பூசைக்குப் பின் ஆற்றைப் பின்பற்றி மேற்கே திரும்புவோம். புன்னைக்காயல் கழிமுகத்தைக் காண விருப்பமுண்டு; நேரம் இடம் தந்தால்தான். 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில், அதன் அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலையில் விழுந்த நீரும் சமவெளியில் விழுந்த நீரும் சேர்ந்து, மண்ணையும் குப்பையையும் வாரிக்கொண்டு இந்த வழியாகவே கடல் சேர்ந்தன. பவளத்துக்குச் சேறு நஞ்சு போன்றது. மலையில் காடு நின்று நீரை வடித்துத் தந்தால்தான் கீழே கடல் தெளிவாக இருக்கும். பவளத்திட்டுகளை நிலத்தின் பெருங்காடுகளுக்கு ஒப்பிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியிருப்பதை எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை மறையுரையில் எடுத்துரைத்தார். அந்த ஒப்புமையின் பொருள் இப்பயணத்தைத் திட்டமிட்டபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

இரவு அம்பாசமுத்திரத்தில் தங்கல். திங்கள் காலை பாபநாசம். அங்குள்ள சாவடிக்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அமைந்த அது தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் கூற வேண்டும். அகத்தியர் அருவியைச் சுற்றி நாம் காண்பது மலையடிக் காடே. உண்மையான மழைக்காடு அதற்கும் மேலே, முகிலுக்குள், கருநீலமாகத் தோன்றும். சோலைமந்தியும் இருவாசியும் வாழும் அவ்விடத்துக்கு அனுமதியின்றி எவரும் செல்லலாகாது. தீவுகளிலும் விரும்பியபடி கால் வைக்க இயலாது. இத்தனை செலவழித்துச் சென்று தொலைவில் நின்று பார்ப்பதா என மகள் முகம் சுளித்தாள். அவளது தந்தை அவளைத் தறியருகே அழைத்தார். வரதர் கோயிலுக்கு வருவோர் நம் தெருவில் நுழைந்து, தறியில் ஏற்றிய பாவைக் கைவியர்வையோடு தடவிப் பார்க்கையில் நமக்கு நெஞ்சு பதைப்பதில்லையா என்று கேட்டார். அன்னையார் தம் பங்குக்கு, முன்னாளில் நம் கோயில்களில் பீடத்தின் முன் இருந்த கிராதியை நினைவூட்டினார். “அதற்கு இப்பால் முழந்தாளிட்டவர்களுக்கு ஆண்டவர் தூரமாகவா இருந்தார்?” என்றார். இதற்கு மறுமொழி எங்களில் யாரிடமும் இல்லை.

பாபநாசத்தில் நெஞ்சை வருத்துவது ஒன்றுண்டு. நீராட வருவோர் தாம் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். மூட்டை மூட்டையாக அதனை வெளியே இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. துணி நெய்து உண்ணும் எங்களுக்கு அச்செய்தி இருமடங்கு கசந்தது. சவர்க்காரமும் எண்ணெயும் எடுத்துச் செல்வதில்லை, கரையோரக் கடைகளில் பவளத் துண்டோ சங்கோ வாங்குவதில்லை என்று வீட்டில் உறுதி செய்துகொண்டோம். பவளம் 2001 முதல் சட்டத்தின் முதல் அட்டவணைக் காப்பில் இருக்கிறது, வாங்குவோரும் குற்றவாளிகளே.

திங்கள் மாலை தென்காசியில் பொதிகை வண்டி. மறுநாள் விடியலில் செங்கற்பட்டு. பகலில் பாவு பிணைக்க ஆள் வருகிறார். இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது. அன்னையாருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்பதால், அந்நாள் காலை ஏழரை மணிக்கே நிலையத்தில் வரிசையில் நிற்பதாக அவரது பேத்தி பொறுப்பேற்றிருக்கிறாள்.