இரண்டு பேர், ஒரு மைக்

எங்கள் பாட்டைக் கேட்பவர்கள் முதலில் கேட்பது, "இது எந்தப் படத்துப் பாட்டு?" என்றுதான். படத்துப் பாட்டு இல்லை, நாங்களே எழுதி மெட்டமைத்தது என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அந்தக் காலத்துச் சத்தம் எந்த ஆப்பில் கிடைக்கும்?"

ஆப் எதுவும் இல்லை. நான் அக்கார்டியன் வாசிக்கிறேன். என் மைனி போங்கோஸ் தட்டிக்கொண்டே பாடுகிறார். நடுவில் ஒரே ஒரு மைக். தென்காசியில் எங்கள் வீட்டு மச்சு அறையில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிறோம். கல்யாண வீடுகளிலும், சீசன் சமயம் குற்றாலத்திலும் பாடுகிறோம்.

பழைய நாதம் வேண்டும் என்று ஆசைப்படும் பலர், பாட்டை இன்றைய முறையில் பதிவு செய்துவிட்டு அதன்மேல் இசைத்தட்டின் கரகரப்பை ஏற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கரகரப்பு என்பது தேய்ந்துபோன தட்டின் கோளாறு. 1960-களில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடியவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. தங்களால் முடிந்த அளவு தெளிவாகப் பதிவு செய்யத்தான் அவர்கள் பாடுபட்டார்கள்.

அந்த நாதம் பிறந்த விதம் வேறு. அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு பாட்டுக்குக் களமாக வைத்திருப்பார்கள்; பாடகர் டி.எம்.சௌந்தரராஜனும் இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதனும் திரையில் தோன்றுவார்கள். அக்காலப் பாட்டில் குரல் வரும் இடத்தில் வாத்தியம் ஒதுங்கி வழிவிடுகிறது, குரல் மூச்சு வாங்கும் இடத்தில் வாத்தியம் ஒரு சிறு பதில் சொல்கிறது. பிறகு உட்கார்ந்து சரிசெய்து கொண்டுவர முடியாத ஒழுங்கு அது. பக்கத்தில் நிற்பவரைக் காதால் பின்தொடர்ந்தால்தான் வரும்.

எங்கள் அறையில் சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது தூரம்தான். மைனி மைக்கிலிருந்து ஒரு முழத்துக்குள் உட்காருவார். போங்கோஸ் அவர் மடிக்குக் கீழே, மைக் பார்க்காத திசையில். நான் நாலைந்து அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். இடையிசை வரும்போது நான் உடம்போடு முன்னால் சாய்வேன். நாற்காலியைச் சற்று நகர்த்தினாலும் பாட்டின் நிறம் மாறிவிடும். ஒத்திகை என்பது எங்களுக்குப் பாதிக்கு மேல் இந்த நாற்காலி வேலைதான்.

அக்கார்டியனைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முழு அளவு வாத்தியத்தில் வலக்கைக்கு 41 கட்டைகள், இடக்கைக்கு 120 பொத்தான்கள். இடக்கை பேஸும் கார்டும் தந்துவிடுவதால் இரண்டு பேரே மூன்று நாலு பேராக ஒலிக்கிறோம். ஆனால் வாத்தியத்தின் உயிர் விரலில் இல்லை, பெல்லோஸ் என்னும் துருத்தியில் இருக்கிறது. கீபோர்டிலும் அக்கார்டியன் டோன் உண்டு. அழுத்தினால் அது ஒரே சீராக நிற்கும். பெல்லோஸை இழுக்கும்போது ஸ்வரம் மெல்ல வீங்கும், திசை மாற்றும்போது ஒரு கணம் அறுபடும். அந்த அறுபடும் கணம் பாடுபவர் மூச்சு வாங்கும் கணத்தோடு சேர வேண்டும். வரியின் நடுவில் நான் திசை மாற்றினால் கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடறியது என்று மட்டும் தோன்றும். அதனால் ஒரு புதுப் பாட்டு எழுதியவுடன் நாங்கள் முதலில் குறித்துக்கொள்வது ராகத்தையோ தாளத்தையோ அல்ல, எந்த எழுத்துக்குப் பிறகு மூச்சு என்பதைத்தான். எங்கள் பாட்டில் பழமை என்று ஜனங்கள் உணர்வது, இரண்டு பேர் சேர்ந்து விடும் இந்த மூச்சைத்தான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

இருவர் சேர்ந்து இசையமைப்பது பற்றிப் பேசினால் விஸ்வநாதன்-ராமமூர்த்தியிடம்தான் போக வேண்டும். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். 1952-இல் அவர் திடீரென்று மறைந்தபோது பாதியில் நின்ற படங்களை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. அதை இயக்கியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1965-இல் இருவரும் பிரிந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். பிரிந்தபின் விஸ்வநாதன் செய்ததும் மலையளவு. இருந்தாலும் அந்தப் பதின்மூன்று ஆண்டுப் பாட்டுகளில் எது ஆர்மோனியக்காரர் விஸ்வநாதனின் யோசனை, எது வயலின்காரர் ராமமூர்த்தியின் யோசனை என்று என்னால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை. கூட்டு என்றால் அதுதான் அளவுகோல்.

எங்கள் பக்கத்திலேயே இருவர் கூட்டுக்கு முன்னோடிகள் உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிறார்கள். நாங்கள் எழுதும் சரணங்களில் அந்தப் பாங்கைத்தான் பின்பற்றுகிறோம்: குரல் கேட்கும், அக்கார்டியன் சொல்லும். மைக் தந்த வசதிக்கும் எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு: செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டி உச்ச சுருதியில் பாடினார். மைக் வந்த பிறகுதான் பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ் போன்றவர்களின் தணிந்த குரலுக்கு இடம் கிடைத்தது. நான் வேகமெடுக்கும்போது மைனி சொல்வார்: "தம்பி, கடைசி வரிசைக்கு வாசிக்காதீங்க. பக்கத்துல இருக்கவங்களுக்கு வாசிங்க."

ஊரின் வானிலையும் எங்களோடு சேர்ந்து வாசிக்கிறது. ஜூன் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் மைக்குக்குப் பஞ்சு உறை போடாமல் வெளியில் பாட முடியாது. சாரலின் ஈரத்தில் போங்கோஸ் தோல் தளரும்; திருகாணியை இறுக்கிச் சுருதிக்குக் கொண்டுவந்தால், வெயில் அடித்ததும் தோல் கிழியாமல் இருக்க உடனே தளர்த்த வேண்டும். அக்கார்டியனின் எஃகு ரீடுகள் ஈரத்தில் துருப்பிடிக்கும். பேரருவிக்குப் பக்கத்தில் பாடினால் ச, ச்ச போன்ற சன்ன ஒலிகளை அருவி விழுங்கிவிடும். ம, ல, ன தப்பும். ஆகவே குற்றாலத்தில் பாடுவதற்கென்று எழுதும் பாட்டில் மெல்லினமும் இடையினமும் மிகுந்த சொற்களாகத் தேடிப் போடுகிறோம்.

என் அக்கார்டியன் ஒரு பழைய மெல்லிசைக் குழுக்காரரிடமிருந்து வந்தது. கோயில் கொடைகளில் விடிய விடிய வாசித்தவர். பெல்லோஸ் திருப்பும் இடத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவரே. அவரைப் போன்ற வாத்தியக்காரர்கள் தென்காசியிலும் கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் இன்னும் இருக்கிறார்கள். வாத்தியம் பரணில் கிடக்கிறது, கை மறக்கவில்லை. பழைய நாதத்தில் பாட்டுப் போட நினைக்கும் தம்பி தங்கைகள் யாராக இருந்தாலும், மென்பொருள் வாங்கும் முன் ஒருமுறை அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய் வாருங்கள். கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள்.