ஓரிரவின் ஏடு

பகலெல்லாம் உழைத்தவன் இரவில் கண்ணயர்கின்றான். அவன் உடல் ஓய்வு கொள்கின்றது. ஆயினும் மூளை ஓய்ந்துவிடுவதில்லை. எத்தனை மணி படுத்திருந்தோம் என்பதை நாம் சொல்லக்கூடும். எவ்வாறு உறங்கினோம் என்பதைச் சொல்ல நம்மால் இயலாது. உறங்குவோன் தன் உறக்கத்தைத் தானே அறியான். இவ்வுண்மையை என் தமையனார் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று.

என் தமையனார் லாரி ஓட்டுபவர்; இருபது ஆண்டுகளாக ஒரு விபத்துமின்றித் தொழில் செய்தவர். அவர் ஒருநாள் மாலை வீடு திரும்பியதும் உணவு கொள்ளாமல் திண்ணையில் அமர்ந்துவிட்டார். "தம்பி, இன்று பட்டப்பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தபோது சாலையோரத்துப் புளியமரம் பத்தடித் தொலைவில் நின்றது. இரவில் நன்றாகத்தானே தூங்குகிறேன்? பின் ஏன் இப்படி?" என்றார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது. தம் உயிருக்கு மட்டும் அவர் அஞ்சவில்லை; சாலையில் நடப்போர் உயிருக்கும் அஞ்சினார்.

மருத்துவர் அவரை ஓரிரவு மருத்துவமனையில் உறங்கும்படி பணித்தார். அங்கே பணிபுரிந்த அம்மையார் ஒருவர் அவருடைய தலையை நாடாவால் அளந்தார், பென்சிலால் குறியிட்டார், குறியிட்ட இடங்களில் பசை தடவிச் சிறிய மின்வாய்களை ஒட்டினார். கண்ணருகிலும் மோவாயிலும் சில மின்வாய்கள். மார்பில் ஒரு பட்டை. மூக்கின் அருகே மெல்லிய குழாய். "இத்தனை கம்பிகளோடு எப்படியம்மா தூங்குவது?" என்று தமையனார் கேட்டார். ஆனால் விளக்கணைந்த சில நிமிடங்களிலேயே அவருடைய குறட்டை ஒலி எழுந்தது.

மனிதர் மூளையில் எழும் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே முதன்முதலாகப் பதிவு செய்தவர், ஜெர்மனி நாட்டு ஜேனா நகரத்தில் வாழ்ந்த ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர். 1924-ஆம் ஆண்டில் அப்பதிவைப் பெற்ற அவர், ஐந்தாண்டுகள் பொறுத்து 1929-ஆம் ஆண்டிலேயே அதனை உலகுக்கு வெளியிட்டார். பின்னர், அமெரிக்கச் செல்வரான ஆல்பிரடு லூமிஸ் தமக்குரிய ஆய்வுக்கூடத்தில் உறங்குவோரின் அலைகளை ஆராய்ந்தார். உறக்கம் ஒரே நிலையுடையதன்று, ஐந்து நிலைகளுடையது என 1937-ஆம் ஆண்டில் அவரும் அவர் துணைவரும் எழுதினர். அந்நிலைகளைப் பிரித்தறிய எல்லாரும் கைக்கொள்ளத்தக்க விதிகள் 1968-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

அக்காலத்தில் மை தோய்ந்த பேனாக்கள் ஓடும் தாளின்மேல் அலைகளை வரைந்தன. நொடிக்கு 10 மில்லிமீட்டர் வீதம் ஓடிய தாளில், 30 செ.மீ. அகலமுள்ள ஒரு பக்கம் 30 நொடி உறக்கத்தைக் காட்டிற்று. எட்டு மணி நேர உறக்கம் 960 பக்கங்களாயிற்று. தாளின் நீளம் 288 மீட்டர்! இன்று தாள் போய்த் திரை வந்துவிட்டது. ஆயினும், ஒரு பக்கத்துக்கு 30 நொடி என்னும் வழக்கம் மாறவில்லை.

மறுநாள் அந்த அம்மையார் என்னை அருகிலிருத்தி அவ்வேட்டைப் படித்துக் காட்டினார். விழித்திருக்கும்போது அலைகள் சிறியனவாய் விரைந்து ஓடுகின்றன. ஆழ்ந்த உறக்கத்திலோ உயர்ந்து, மெல்லப் புரள்கின்றன. இடையே அரை நொடியோ ஒரு நொடியோ, நொடிக்கு 11 முதல் 16 துடிப்புகள் வரை கொண்ட ஓர் அலைத்தொகுதி தோன்றி மறைகின்றது. நூல் நூற்கும் கதிரைப்போல் நடுவே பருத்து இருமுனையும் மெலிந்திருத்தலால், அதற்குக் கதிர் என்னும் பொருள்படவே ஆங்கிலத்தில் பெயரிட்டுள்ளனர்.

அதே ஏட்டைக் கணிப்பொறியும் படித்திருந்தது. சில நிமிடங்களில் அது தந்த முடிவு, "ஆழ்ந்த உறக்கம் மிகுதி, குறையில்லை" என்னும் கருத்துடையதாக இருந்தது. தமையனார் முகம் மலர்ந்தது. அம்மையாரோ மலரவில்லை. பக்கம் பக்கமாகத் தாமே பார்த்துக்கொண்டு வந்தவர், நள்ளிரவுப் பகுதியில் கையை நிறுத்தினார். "இவை மூளையின் அலைகள் அல்ல, ஐயா; வியர்வையின் அலைகள். நேற்று நடு இரவில் குளிர்சாதனம் பழுதாகி நின்றது. மின்வாயின் அடியில் வியர்வை ஊறினால் கோடு இப்படித்தான் மெல்ல ஏறி இறங்கும்" என்றார். அலையின் உருவை மட்டும் பார்த்த இயந்திரம், அதனை ஆழ்ந்த உறக்கமென்று எண்ணிவிட்டது. அறையின் புழுக்கத்தை அது எவ்வாறு அறியும்?

அவ்வலைகளை விலக்கிப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. குறட்டை வலுக்குந்தோறும் மூச்சு இடர்ப்பட்டது. உடனே மூளை சில நொடிகள் விழித்து மீண்டும் உறங்கிற்று. இரவு முழுதும் இவ்வாறே நிகழ்ந்திருந்தது. எட்டு மணி படுத்திருந்தும் என் தமையனார் உறக்கத்தின் பயனை அடையவில்லை.

ஆயின், இயந்திரம் பயனற்றது என்று கருதிவிடலாகாது. விடியற்காலத்துப் பக்கங்கள் சிலவற்றில் கணிப்பொறி குறித்திருந்த கதிர்களை அம்மையார் காணாது விட்டிருந்தார். அவர் அதனை மறைக்கவில்லை. "தொள்ளாயிரம் பக்கம் பார்த்தபின் என் கண் சோர்ந்துவிட்டது, அதற்குச் சோர்வில்லை" என்று சிரித்துக்கொண்டே தம் குறிப்பைத் திருத்தினார். அத்திருத்தத்தைக் கண்டபின் அவரிடம் என் மதிப்பு உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

இப்போட்டியை அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். 2014-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உறக்கக் கதிர்களைக் கண்டறியும் பணி வல்லுநரிடமும், பயிற்சி மிகாத பொதுமக்களிடமும், கணிப்பொறி முறைகளிடமும் தரப்பட்டது. வல்லுநர் பலரின் ஒருமித்த முடிவே அளவுகோலாயிற்று. தனி வல்லுநரும், பொதுமக்கள் பலர் கூடிக் கண்ட முடிவும் முன்னின்றன; கணிப்பொறி முறைகள் பின்தங்கின. 2018-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியிலோ, உறக்க நிலைகளைப் பிரிக்கக் கற்ற கணிப்பொறி, தனி வல்லுநரையும் விஞ்சிற்று. ஆனால் அதற்குப் பாடமாய் அமைந்தவை மனிதர் கண்விழித்துக் குறித்த ஏடுகளே. அம்மனிதரும் எப்போதும் ஒத்த கருத்தினர் அல்லர். வல்லுநர் பலரின் குறிப்புகளை ஒப்பிட்டு 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 83 பக்கங்களிலேயே உடன்பாடு காணப்பட்டது.

ஆதலின், மனிதரா இயந்திரமா என்று கேட்பதைவிட, ஒன்றன் பிழையை மற்றொன்று திருத்த இடமளித்தோமா என்று கேட்பதே அறிவுடைமை. இயந்திரம் சோர்வறியாது, ஆனால் தான் அறியாததை அறியாது. மனிதன் சோர்வான்; ஆனால் ஐயுறுவான், மீண்டும் பார்ப்பான்.

மருத்துவர் தந்த காற்றுக் கருவியை மூக்கில் பொருத்திக்கொண்டு என் தமையனார் இப்போது உறங்குகின்றார். சில வாரங்கள் ஓய்ந்திருந்து, மருத்துவர் இசைவு தந்த பின்னரே வண்டியைத் தொட்டார். அந்தப் புளியமரம் இன்றும் அச்சாலையில் நிற்கின்றது. அதனைக் கடக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்வதாக அவர் என்னிடம் கூறுவார்.