பேர் போட்ட பாய்

மகளுக்கு வேளச்சேரி ஃப்ளாட்டின் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உலகச் சுற்றுலாதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிரான்ஸில் ஒரு வீடு, மெக்ஸிகோவில் ஒரு வீடு, கொழும்பில் ஒரு வீடு. “அப்பா, இந்தச் சுவரைப் பாருங்க”, “இந்த ஜன்னலைப் பாருங்க” என்பாள். நானும் பார்ப்பேன். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டே நாற்பது வருஷத்தை ஓட்டியவன் நான். சுவருக்கு என்ன கலர் என்பதை நாமே முடிவு பண்ணலாம் என்பதே எனக்குப் புது விஷயம்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் காட்டிய வீடுகள் நிஜமாகவே அழகு. ஓவியர் மோனே 1883-ல் ஜிவெர்னி என்ற கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே அவருடைய சாப்பாட்டு அறை முழுக்க மஞ்சள். சுவர், அலமாரி, நாற்காலி எல்லாமே மஞ்சள். நம் வீட்டில் அப்படி அடித்தால் ‘ஏதாவது வேண்டுதலா?’ என்று கேட்பார்கள். அந்தச் சுவர்களில் வரிசையாக ஜப்பானியப் படங்கள், மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்தவை. இத்தனைக்கும் மனிதர் ஜப்பானுக்குப் போனதே கிடையாது.

கொழும்பில் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர், ஒரு சந்தில் இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி ஒரே வீடாக்கிக்கொண்டார். அதற்குள் நம் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அந்தச் செட்டிநாட்டு வீடுகளுக்கோ தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. ஆக, அடுத்தவன் வீட்டைப் பார்த்து ஆசைப்படுவது நேற்று வந்த வியாதி இல்லை. யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஒருநாள் ராத்திரி ஜப்பான் வந்தது.

மகளுக்கு மிகவும் பிடித்த ஒரு பெண்மணி இருக்கிறார். சார்லொட் பெரியாண், பிரெஞ்சுக்காரர். 1928-ல் ஸ்டீல் குழாயில் சாய்வு நாற்காலி செய்து பேர் வாங்கியவர்களில் ஒருவர். 1940-ல் ஜப்பான் அரசு அவரை ஆலோசனை சொல்லக் கூப்பிட்டது. போன இடத்தில் அந்த அம்மாள் என்ன செய்தார் என்றால், அதே நாற்காலியை மூங்கிலில் செய்து பார்த்தார். ‘எங்க ஊரில் ஸ்டீல், உங்க ஊரில் மூங்கில்’ என்கிற மாதிரி. கதையைச் சொல்லிவிட்டு மகள் ஒரு ஜப்பானிய அறையின் படத்தைக் காட்டினாள். மேஜை இல்லை, கட்டில் இல்லை, ஒரு படம்கூட மாட்டவில்லை. தரை முழுக்கப் பாய். ஒரு பக்கம் தள்ளுகதவு, அதன் வழியாக வெளிச்சம். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எண்பது வயது. முட்டி தேய்ந்துபோனதால் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் வாசம். எங்கள் உலகச் சுற்றுலாவில் அவள் கலந்துகொண்டதே இல்லை. அன்றைக்கு எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, அது நம்ம பத்தமடைப் பாய்லா?”

“இல்ல ஆச்சி. இது ஜப்பான். தத்தாமின்னு பேரு.”

“என்னமும் இருக்கட்டும். கோரைதான?”

கோரை இல்லை. ‘இகுசா’ என்று ஒரு புல், பார்க்க நம் கோரைக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். வைக்கோலை இரண்டு அங்குல கனத்துக்கு இறுக்கி, மேலே இந்தப் புல்பாயைப் போர்த்தித் தைத்தால் தத்தாமி. சுமாராக ஆறடிக்கு மூன்றடி. ஓர் ஆள் படுக்கிற அளவு. ஜப்பானில் அறையைச் சதுர அடியில் சொல்வதைவிடப் பாய்க் கணக்கில் சொல்வதுதான் வழக்கம். ஆறு பாய் அறை, எட்டு பாய் அறை. தேநீர்ச் சடங்குக்கு நாலரைப் பாய் அறை. மகள் இதையெல்லாம் விளக்க, நான் “அப்படியா!” என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

“நம்ம பட்டாசலும் எட்டுப் பாய்தான. கோடை லீவுக்கு ஒங்க அத்தை பிள்ளையள்லாம் வந்தா ஒம்பதாவது பாய் தார்சாவுக்குப் போயிரும்” என்றாள். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பி, “ஏல, எங்க கல்யாணப் பாய் எங்க கெடக்கு?” என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வசதிப்பட்டவர்கள் கல்யாணத்துக்குப் பத்தமடையில் பாய் சொல்லி வைப்பார்கள். பட்டுப்பாய் என்றே பேர். பட்டுத்துணி மாதிரி மடங்கும். பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், கல்யாணத் தேதி எல்லாம் பாயிலேயே நெய்து வரும். அம்மா, அப்பா பேர் போட்ட பாய் ஒன்று, பழைய வேட்டியில் சுற்றி, எங்கள் சேரன்மகாதேவி வீட்டு மச்சில் கிடந்தது. சின்ன வயதில் ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். சிவப்பில் எழுத்து.

அப்பா 2010-ல் போனார். 2012-ல் வீட்டை விற்றோம். காலி பண்ண எனக்கு ரெண்டு நாள்தான் லீவு. பித்தளைப் பாத்திரத்தைப் பங்கு வைத்தோம், மரச்சாமானை விலை பேசினோம். மச்சில் இருந்ததை அள்ளிக்கொண்டு போகச் சொல்லி, சாமான் தூக்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். வேட்டியில் சுற்றிய பாய் என் கண்ணில் பட்டது. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அது என்ன பாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிரித்துப் பார்த்தால் கொடுக்க மனசு வராது, சென்னையில் வைக்க இடமும் கிடையாது. அதனால் பிரிக்கவில்லை.

“தம்பி வீட்ல இருக்கும்மா” என்றேன்.

மகள் லேப்டாப்பை மூடினாள். “ஆச்சி, அது கிடைச்சா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிரலாம்” என்று உற்சாகமாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அடுத்த வாரம், கல்யாண வீடு ஒன்று என்று சாக்குச் சொல்லி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். திட்டம் எளிமையானது. அதேமாதிரி ஒரு பாயைப் பேர் போட்டு நெய்யச் சொல்லி, ‘இந்தா, தம்பி வீட்டில் கிடைத்தது’ என்று கொடுத்துவிடுவது. புதுப் பாய் அறுபது வருஷப் பழசு மாதிரி இருக்காதே என்கிற சின்ன விஷயம் அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற பஸ் பத்தமடை வழியாகத்தான் போகும். எத்தனையோ நூறு தடவை அந்த ஊரைக் கடந்திருக்கிறேன், இறங்கியதில்லை. ரிஷிகேஷில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் இது. ஊருக்கு இன்னொரு பெருமை, 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்று சொல்வார்கள். விசாரித்துக்கொண்டே போனேன். பாய் நெய்கிற லெப்பைமார் வீடுகளில் ஒன்றில், அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள் தறி முன்னால் உட்கார்ந்திருந்தார். தறி என்றால் கால் வைத்து மிதிக்கிற தறி இல்லை. தரையோடு தரையாக நூல் பாவு இழுத்துக் கட்டி, நடுவில் மூங்கில் முக்காலி கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஒரு நீளக் குச்சியில் கோரையைக் கோத்து, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். பிறகு அச்சை இழுத்து ஓர் அடி. மறுபடி ஒரு கோரை. சாயங்காலம் வரை இதேதான்.

“வாங்க தம்பி, உக்காருங்க” என்றார். பேச்சு கொடுத்தேன். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் கட்டுக்கட்டாகக் கல் ஏற்றி ஊறப்போட வேண்டும். நாள்கணக்கில் ஊறி உப்பியதும் எடுத்துக் காயவைத்து, திரும்பவும் கீற வேண்டும். நூல் மாதிரி ஆகிற வரைக்கும். பட்டுப்பாய்க்கு அந்தப் பக்குவம் வேண்டும். நூறு, நூற்றிருபது, நூற்றி நாற்பது என்று எண் சொல்கிறார்கள். எண் ஏற ஏறப் பாய் மெல்லிசு. அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சப்பாங்கட்டையைக் காய்ச்சுவார்களாம், இப்போது கடைச் சாயம்தான்.

“நெறையப் பேர் வாராங்களாம்மா?”

“வாராங்க. படுக்கதுக்குக் கேக்கது இல்ல தம்பி. ஃபைலு, பையி, செவுத்துல மாட்டுததுக்குக் கேக்காங்க.”

மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பாயைப் பார்த்தேன். பச்சையும் நீலமுமாக, பிளாஸ்டிக். என் பார்வை போன இடத்தை அந்த அம்மாள் கவனித்துவிட்டார். சிரித்தார். “நெய்யுதத நாமளே விரிச்சிக்கிட்டா சோத்துக்கு எங்க போவ?”

ஜப்பானிலும் இந்தக் கதைதான் என்று மகள் சொல்லியிருந்தாள். இகுசா பயிரிடுகிறவர்கள் குறைந்துபோய், அங்கே விரிக்கிற பாயில் பெரும்பகுதிக்குச் சீனாவிலிருந்துதான் புல் முகப்பு வருகிறதாம். இதை அந்த அம்மாளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவில்லை.

“பேர் போட்ட பாய் வேணும்மா” என்றேன்.

“போடலாம். ஒரு மாசத்துக்கு மேல ஆவும். பேரு சொல்லுங்க.” சொன்னேன். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். “தேதி?”

தேதி எனக்குத் தெரியாது. தை மாதம், 1963. அதற்கு மேல் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர்களுக்குக் கல்யாண நாள் கொண்டாடியதில்லை, கேட்டதும் இல்லை. வேறு வழியில்லாமல் தெருவுக்கு வந்து போன் போட்டேன்.

“அம்மா, ஒங்க கல்யாணத் தேதி என்ன?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “பத்தமடையிலயா நிக்க?” என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வேட்டியைப் பிரிக்காமலே கொடுத்ததையும் சேர்த்து. வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சரி, விடு. பேரெல்லாம் போடாண்டாம்” என்றாள் அம்மா. “அந்தப் பாய்ல நாங்க படுத்தது மூணு நாளோ நாலு நாளோ. மாமியா பேரு போட்ட பாயி, மிதிக்கப்படாதுன்னு சுருட்டி மச்சுல ஏத்திட்டா. நான் அம்பது வருசமா படுத்தது சந்தைப் பாய்லதான். ஒரு நல்ல பாய்ல ஆசை தீரப் படுக்கணும்னு இருந்துது. படுக்கதுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா.”

பேர் இல்லாத பட்டுப்பாய் ஒன்று, வேறு யாரோ சொல்லி வைத்து வாங்காமல் போனது, இருந்தது. ஓரத்தில் சிவப்புக் கரை. அந்த அம்மாள் சொன்ன விலைக்குப் பேரம் பேசவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பாயைப் பிரித்ததும் மகள் தடவித் தடவிப் பார்த்தாள். ஹாலில் பெரிய சுவர் காலியாக இருந்தது. அவள் மனசில் ஃப்ரேம் ஓடியது எனக்குத் தெரியும். ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் ஆச்சியைத் தரையில் படுக்கவைக்க முடியாது. முட்டிக்கு டாக்டர் தடை போட்டிருக்கிறார். ரெண்டு நாள் யோசித்துவிட்டுத் தச்சரைக் கூப்பிட்டாள். பால்கனிப் பக்கம், எழுந்திருக்கத் தோதான உயரத்தில், மரத்தில் ஒரு திண்ணை. நீள அகலம் பாயின் அளவு.

“மேடம், கட்டிலுக்குத் தக்கன பாய் வாங்குவாங்க. பாய்க்குத் தக்கன கட்டிலா?” என்றார் தச்சர்.

குடிபோன மறுநாள் மத்தியானம் அம்மா அதில் படுத்தாள். உள்ளங்கையால் பாயை நீவிக்கொண்டே இருந்தாள். சில்லென்று இருக்கிறது என்றாள். தச்சன் திண்ணையை ஒரு விரற்கடை உயரமாக வைத்துவிட்டான் என்றாள். பேத்தி பக்கத்தில் சுவரில் சாய்ந்து லேப்டாப்பில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“ஏல, அந்தப் பழைய பாயி யாரு வீட்லயாவது இருக்கும்லா?”

“இருக்கும்மா.”

“விரிச்சிப் படுக்காங்களோ என்னமோ” என்றாள்.