கையைக் குறை சொல்லும் முன்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது படூக்கா. சின்ன ஊர்தான். ஆனால் குவில்ட் என்னும் அடுக்குப் போர்வை தைப்பவர்களுக்கு அது ஒரு புண்ணியத்தலம். ஆண்டுதோறும் நடக்கும் குவில்ட் கண்காட்சிக்குப் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிகிறார்கள். 1991-இல் தொடங்கிய குவில்ட் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் கைவினைப் பிரிவில் படூக்காவைச் சேர்த்தது.

அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் வண்ணங்களைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அந்த வண்ணங்களின் மேல் கொடியாகவும் அலையாகவும் ஓடும் தையல் கோடு எப்படி விழுகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஊருக்குச் சற்று வெளியே, தன் வீட்டு நிலவறையில் கூலிக்குக் குவில்ட் தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். அறுபதைக் கடந்தவர். நான் போன நாளில் அவர் தைக்கவில்லை. மெஷினின் சக்கரங்களைக் கழற்றி மாற்றும் வேலையில் இருந்தார். கோடு பிறக்கும் இடத்தைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முதுகுத்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் பஞ்சு நகர்ந்து திரளாமல் காக்கிறது, அழகும் தருகிறது. வீட்டுத் தையல் மெஷினில் ஊசி ஓரிடத்திலேயே குத்திக்கொண்டிருக்க, துணியை நாம்தான் நகர்த்த வேண்டும். பெரிய கட்டில் அளவுள்ள மூன்றடுக்குப் போர்வையைச் சுருட்டி மெஷினின் கைக்குள் திணித்துத் தள்ளினால் தோள்பட்டை போய்விடும். லாங்ஆர்ம் மெஷின் இதை அப்படியே திருப்பிப் போட்டது. போர்வை உருளைகளில் சுற்றப்பட்டு விறைப்பாக நிற்கிறது. இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, தைப்பவர் மெஷினையே துணியின் மேல் ஓட்டுகிறார்.

அந்த அம்மாவின் மேசை 12 அடி நீளம். அதன் நெடுக இரண்டு தண்டவாளங்கள். அவற்றின் மேல் நான்கு சக்கரங்களில் ஒரு வண்டி இடமும் வலமும் ஓடுகிறது. வண்டியின் முதுகில் குறுக்காக இன்னும் இரண்டு தண்டவாளங்கள். மெஷின் தன்னுடைய நான்கு சக்கரங்களில் அவற்றின் மேல் முன்னும் பின்னும் போகிறது. ஆக, எட்டுச் சக்கரங்கள். படுக்கைக் கோடு இழுக்கக் கீழ்நான்கு போதும். செங்குத்துக் கோட்டுக்கு மேல்நான்கு போதும். வளைவு, இலை, இறகு, வட்டம் எதுவானாலும் எட்டும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துச் சுழல வேண்டும்.

அங்கேதான் அவருக்குச் சிக்கல் வந்திருக்கிறது. வட்டங்கள் வட்டமாக விழவில்லை. "வயசாயிடுச்சு, கை தளர்ந்துடுச்சுன்னுதான் நினைச்சேன். வட்டம் வர்ற டிசைன் எதுவும் வேண்டாம்னு சொல்லி வேலையைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். தொழிலையே விட்டுவிடலாமா என்ற யோசனைவரை போயிருக்கிறார். அவருடைய சிநேகிதியும் இதே தொழில் செய்பவர். அவர்தான் ஒரு நாள் கழிவுத்துணியில் இருந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு, "உன் கைக்கு ஒண்ணும் இல்ல, சக்கரத்தைப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். நான் போன அன்று சக்கரம் மாற்ற உதவிக்கு வந்திருந்தவரும் அவரே.

அந்தக் கழிவுத்துணியை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு சாண் அகல வட்டங்கள். ஒவ்வொன்றும் சரியாக நான்கு இடங்களில் தட்டையாகியிருந்தது. கடிகார முகத்தில் 12, 3, 6, 9 இருக்கும் அதே இடங்கள். சிநேகிதி காரணம் சொன்னார். வட்டத்தின் உச்சியை நெருங்கும்போது முன்பின் ஓட்டம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கணம் நின்று, எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. பக்கவாட்டு எல்லைகளில் இடவல ஓட்டம் அதே போல நின்று திரும்புகிறது. நின்ற சக்கரத்தை மறுபடி கிளப்ப, ஓடும் சக்கரத்தைத் தள்ளுவதைவிடக் கூடுதல் விசை வேண்டும். சக்கரம் அடைத்துக்கொண்டிருந்தால் அது அந்த இடத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும். அதற்குள் மற்ற நான்கு சக்கரங்கள் நேராக ஓடிவிடும். வளைய வேண்டிய இடம் தட்டையாகிவிடும். "கை தளர்ந்தா கோடு எங்க வேணாலும் நடுங்கும். இப்படி மணி பார்த்து நடுங்காது" என்றார்.

மின்இணைப்பைப் பிடுங்கி, கம்பிகளைக் கழற்றிவிட்டு, இருவருமாக மெஷினைத் தூக்கிப் பக்கத்து மேசையில் விரித்திருந்த கனத்த துண்டின் மேல் வைத்தார்கள். தனியாளாகத் தூக்கக் கூடாத எடை. பிறகு வண்டியைக் கவிழ்த்தார்கள். பழைய சக்கரங்கள் கனமான பிளாஸ்டிக்கால் ஆனவை. மெஷின் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால், பாரம் அழுத்திய பக்கம் ஒரு சக்கரத்தில் லேசாகத் தட்டையாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. இன்னொன்றின் அச்சைச் சுற்றி அறுந்த நூலும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து கம்பளித்துணிபோல இறுகியிருந்தன. அந்த அம்மா குறட்டின் நுனியால் அதை இழுத்தார். நீல நூல், சிவப்பு நூல், வெள்ளை நூல் என்று அடுக்கடுக்காக வந்தது. எந்த நிறம் யாருடைய போர்வை என்று அவருக்கு நினைவிருந்தது. யாரோ ஒருவர் எண்ணெய் விட்டால் சரியாகும் என்று சொல்ல, இவரும் விட்டிருக்கிறார். எண்ணெய் தூசியைப் பிடித்து இன்னும் இறுக்கிவிட்டது. மூடிய பேரிங் உள்ள சக்கரத்துக்கு வெளியிலிருந்து எண்ணெய் தேவையில்லை. தண்டவாளத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்தாலே போதும்.

புதிய சக்கரங்கள் நடுவில் பள்ளம் கொண்டவை. தண்டவாளத்தின் விளிம்பைக் கவ்வி ஓடுபவை. தொடும் பரப்பு குறைவு, உராய்வும் குறைவு. மாட்டுவது கடினமில்லை: நட்டைத் தளர்த்து, பழையதை எடு, புதியதைச் செருகு. வேலையின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. வண்டியானாலும் மெஷினானாலும் அதனதன் நான்கு சக்கரங்களும் ஒரே சமயம் தண்டவாளத்தைத் தொட வேண்டும். ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் மெஷின் ஆட்டம் கண்டுவிடும். அதற்காகவே சில போல்ட்டுகளின் மையத்தைச் சற்று விலக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்பேனரால் திருகினால் சக்கரம் நூலளவு ஏறும், நூலளவு இறங்கும். சோதிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் சக்கரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வண்டியை மெல்லத் தள்ள வேண்டும். விரலை மீறிச் சுழன்றால் சக்கரம் பாரம் சுமக்கிறது. விரலுக்கு அடங்கி நின்றுவிட்டால் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலைச் சக்கரம் அப்படித்தான் நின்றது. அதைச் சரிசெய்தால் பக்கத்து மூலை தூக்கியது. இருவரும் மாற்றி மாற்றிக் குனிந்து, கால் சுற்று, கால்வாசியில் பாதிச் சுற்று என்று திருகித் திருகி ஒருவழியாக நான்கையும் வசத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து ரசமட்டம். நிலவறையின் சிமென்ட் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருந்தது. பழைய சக்கரங்கள் இறுகிக் கிடந்தவரை அது தெரியவில்லை. இப்போது கையை எடுத்ததும் மெஷின் தானாகவே பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. மேசைக் கால்களின் அடித்திருகுகளை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்தார்கள். கடைசியாக, ஓட்டத்தை அளக்கும் சின்னச் சக்கரங்கள். லாங்ஆர்மில் தையலின் நீளத்தை ஒரு மின்னணுக் கருவி கவனித்துக்கொள்கிறது. கை வேகமாகப் போனால் ஊசியும் வேகமாகக் குத்தும். கை தயங்கினால் ஊசியும் தயங்கும். அங்குலத்துக்குப் பத்து என்றால் பத்துத் தையல்தான் விழும். கை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அதற்குச் சொல்பவை, தண்டவாளங்களை உரசிக்கொண்டு ஓடும் இந்தச் சின்னச் சக்கரங்கள். பெரிய சக்கரங்களின் உயரம் மாறியதில் அவற்றில் ஒன்று தண்டவாளத்தை விட்டு விலகியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் தையல் நீளநீளமாகப் போயிருக்கும்.

புதுக் கழிவுத்துணியை ஏற்றினார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு வட்டம் போட்டார். இன்னொன்று. பிறகு வரிசையாக. கோலம் போடும் கை நிற்காமல் வளைவதுபோல மெஷின் வளைந்தது. அந்த நான்கு தட்டைகளும் போய்விட்டன. எனக்குக் கண்கள் நிறைந்தன. பல மாதங்களாகத் தன் கையைச் சந்தேகித்த ஒருவருக்கு அந்தக் கை திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது.

கூலிக் கணக்கைப் பார்த்தால் இதன் அருமை இன்னும் விளங்கும். 90 அங்குலத்துக்கு 100 அங்குலப் போர்வை என்றால் 9,000 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட் என்று கேட்டால் 180 டாலர். நூல், மின்சாரம், மெஷின் கடன், உழைப்பு எல்லாம் அதற்குள். சக்கரத் தொகுதியின் விலை சில நூறு டாலர். பழுதான சக்கரத்தைத் தோள் வலியால் ஈடுகட்டியபடி அவர் எத்தனையோ போர்வைகளைத் தைத்துத் தள்ளியிருக்கிறார். அந்த வலிக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

மெஷினில் தைத்தது கைவினையா என்ற கேள்வி இந்த ஊருக்குப் பழக்கமானது. 1989-இல் இங்கே நடந்த கண்காட்சியில் காரல் பிரையர் ஃபாலர்ட் என்பவர் மெஷினில் தைத்த ஒரு குவில்ட், சூரிய கிரகணத்தைக் காட்டுவது, ஒட்டுமொத்தத்தில் தலைசிறந்தது என்ற பரிசைப் பெற்றது. மெஷின் தையலுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. கைத்தையலில் ஊறியவர்கள் பலருக்கு அது ஏற்புடையதாக இல்லை. நிலவறையில் நான் கண்டது எனக்கு ஒரு பதிலைத் தந்தது. சக்கரம் சீரானதும் அந்த அம்மாவின் வட்டங்களில் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. இடப்பக்கம் மேலேறும்போது ஒரு சின்னப் புடைப்பு; அவருடைய மணிக்கட்டு திரும்பும் இடம். இத்தனை நாளும் சக்கரத்தின் குறை அதை மூடி வைத்திருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னோடது. இதை நான் பழகிச் சரிபண்ணிக்குவேன்" என்றார். நல்ல கருவி கையை ஒதுக்குவதில்லை. கை எதைச் செய்கிறதோ அதை அப்படியே துணியில் எழுதுகிறது, அதன் பிழையோடு சேர்த்து. அந்தப் பிழையைத் திருத்தும் உரிமையும் தைப்பவருக்கே வருகிறது.

வயதாகும் தொழிலாளியிடம் வேலை சறுக்கினால் எல்லோரும் முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள். அவரும் தன் கையைத்தான் நொந்துகொள்கிறார். அந்தச் சிநேகிதி செய்ததை எந்தப் பட்டறையிலும் யாரும் செய்யலாம்: பிழை எங்கே விழுகிறது, திரும்பத் திரும்ப அதே இடத்தில்தானா என்று பார்ப்பது. அந்த அம்மா இப்போது அதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளப்போகிறார். ஒவ்வொரு போர்வையை ஏற்றும் முன்பும் கழிவுத்துணியில் ஒரு வட்டம். நான்கு பக்கமும் தட்டையானால் ஸ்பேனரை எடுப்பார். ஒரு பக்கம் மட்டும் புடைத்தால் பயிற்சியைத் தொடருவார்.